நாலாவது டப்பா

அதை மட்டும் இழுக்காதீர்கள். மற்ற மூன்றையும் எத்தனை தடவை வேண்டுமானாலும் இழுத்துப் பாருங்கள், வழுக்கிக்கொண்டு வரும். அடியில் இருக்கிற நாலாவதை விட்டுவிடுங்கள். அது வராது. பலமாக இழுத்தால் பிடிதான் கையோடு வரும்.

உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடுகிறது. கட்டிலில் உட்காருங்கள். என் தங்கச்சி கோமதியின் கட்டில்தான், இப்போது அதில் யாரும் படுப்பதில்லை.

நீங்கள் தையல்கடை என்று போனில் சொன்னதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. ஜெராக்ஸ் கடையில் 'அலமாரி விற்பனைக்கு' என்று ஒட்டிவிட்டு வந்ததிலிருந்து யார் யாரோ வந்தார்கள். ஒருவர் செருப்பு வைக்கலாமா என்று கேட்டார். இன்னொருவர் கோழிக்குஞ்சு வைக்கலாமா என்றார். நூல்கண்டும் பட்டனும் லேசும் வைக்கிறேன் என்று கேட்டவர் நீங்கள் ஒருவர்தான். அதற்கென்றே செய்தது மாதிரி இருக்கும், பாருங்கள். ஒவ்வொரு டப்பாவிலும் வரிசையாகத் துளை இருக்கிறதே என்று பார்க்காதீர்கள். சால்டரிங் கம்பியால் நானே போட்டது. காற்றுக்காக.

எதற்குக் காற்று என்றா கேட்கிறீர்கள்? பாம்புக்கு.

ஏன் எழுந்துவிட்டீர்கள்? இப்போது இல்லை அக்கா. ஒன்றுகூட இல்லை. மூன்றும் போய்விட்டன. உட்காருங்கள், டீ போட்டிருக்கிறேன், ஆறிவிடும்.

விஷமில்லாத பாம்புகள். நம் ஊர்ப் பாம்பை வீட்டில் வைத்தால் ஜெயில், அது எனக்கும் தெரியும். இவை வெளிநாட்டு வகை, அரசாங்கத்தில் பதிவு செய்து சான்று வாங்கியவை. கோமுவோடு படித்த ஒரு பெண்ணின் குடும்பம் மஸ்கட்டுக்குப் போனது. போகும்போது இவளிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள், கறிவேப்பிலைக் கன்றைப் பக்கத்து வீட்டில் கொடுப்பது மாதிரி. ஒன்று ஆப்பிரிக்க மலைப்பாம்பு. மலைப்பாம்பு என்றதும் பயந்துவிடாதீர்கள், பயந்தால் பந்து மாதிரி சுருண்டுகொள்ளும், அவ்வளவுதான். அதற்குக் கோமு போண்டா என்று பெயர் வைத்தாள். மற்ற இரண்டும் அமெரிக்காவில் சோளக் குதிர்களில் எலி பிடித்துத் திரிகிற இனம். செக்கச்செவேலென்று இருந்தது மிளகாய். ஒல்லியாக, பென்சில் தடிமனில் இருந்தது வத்தல்.

கீழே எஸ்தர் டீச்சரைப் பார்த்தீர்களே, அவர்தான் வீட்டுக்காரர். பாம்பைப் பார்த்ததும் வீட்டைக் காலி பண்ணச் சொன்னார். நான் வாடகை ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு போய் நின்றேன். நாய் கூடாது, பூனை கூடாது என்றுதானே இருக்கிறது, பாம்பு கூடாது என்று எங்கே இருக்கிறது?

"நாய் பூனை கூடாதுன்னு எழுதும்போது, பாம்பையும் எழுதணும்னு எனக்குத் தோணலியே பிள்ளே" என்றார் டீச்சர்.

தோன்றாதது யார் தப்பு? அவரால் பதில் சொல்ல முடியவில்லை. பதில் இல்லை என்றால் ஜெயித்தது யார்? பாம்பு இருந்தது.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், கோமு சொல்லிக்கொண்டு திரிகிறாள், எனக்குப் பாம்பு மேல் பிரியம் இல்லையாம். அந்தப் பாம்புகள் இந்த வீட்டில் இருந்ததே என் வாயால்தான்.

அவளுக்குப் பிரியம் உண்டு, நான் இல்லை என்று சொல்லவில்லை. பழைய மீன்தொட்டி இரண்டு வாங்கி, கொய்யாக் கிளை வெட்டி வைத்து, மண்சட்டியைக் கவிழ்த்து வைத்து, பல்பு போட்டு, சாயங்காலமானால் அதன் முன்னால் உட்கார்ந்துகொள்வாள். மிளகாய் கிளையில் ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். அதையே பார்த்துக்கொண்டிருப்பாள். புத்தகம் மடியில் திறந்தபடி கிடக்கும். அறையில் பாதி தொட்டி. பல்பு இரவு பகலாக எரிகிறது. இவ்வளவும் செய்து போண்டா சாப்பிட்டதா? சாப்பிடவில்லை. இரண்டு மாதமாக எலியை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

நான் படித்தேன். எதையும் படித்துவிட்டுத்தான் பேசுவேன். அந்த இனத்துக்குத் திறந்த இடம் பயம். கரையான் புற்றிலும் எலி வளையிலும் வாழ்கிற ஜீவன். உடம்பை நாலு பக்கமும் ஏதாவது தொட்டுக்கொண்டிருந்தால்தான் அதற்குத் தைரியம் வரும். வெளிநாட்டில் வளர்க்கிறவர்கள் கண்ணாடித் தொட்டியே வைப்பதில்லை. அடுக்கடுக்காக டப்பா, இழுத்தால் வரும், தள்ளினால் உள்ளே போகும், இருட்டு, கதகதப்பு. அங்கிருந்து ஒன்று வரவழைத்தால் என் படிப்பு உதவித்தொகை முழுக்கப் போய்விடும். நானே செய்தேன்.

இந்தப் பக்கவாட்டுப் பலகையைத் தட்டிப் பாருங்கள். வண்ணார்பேட்டையில் ஒரு கட்டில் கடையில் வெட்டி ஒதுக்கிய பிளைவுட், எடைக்கு எடுத்த மாதிரி. டப்பா பிளாஸ்டிக் கடையில். மூடி வேண்டாம் என்றதும் கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். இதன் சூட்சுமமே அதுதான் அக்கா. மூடி கிடையாது. ஒவ்வொரு டப்பாவுக்கும் மேலே இருக்கிற பலகைதான் மூடி. டப்பாவின் விளிம்புக்கும் பலகைக்கும் நடுவில் ஒரு நூல் இடைவெளிதான் விட்டேன். பூட்டும் இல்லை, தாழ்ப்பாளும் இல்லை. பின்பக்கம் நீளப் பள்ளமாகக் காடி வெட்டி வெப்ப வயர் ஓட்டினேன். சூடு அளவு மீறாமல் அதை அடக்க ஒரு கருவி, கோழிமுட்டை பொரிக்கிற பெட்டியில் மாட்டுவார்களே, அது. சூடு எவ்வளவு என்று பார்க்கிற அதன் உணர்கம்பியை டேப் போட்டு மேல்டப்பாவின் அடியில் ஒட்டினேன். ஒரு தச்சரும் கை வைக்கவில்லை. உள்ளே வார்னிஷ் அடிக்கவில்லை, அந்த வாடை பாம்புக்கு ஆகாது. அதைக்கூட யோசித்தவள் நான்.

கோமு பக்கத்தில் நின்று ஆணி எடுத்துக் கொடுத்தாள். கொடுத்துக்கொண்டே கேட்டாள்: "நீட்டிப் படுக்க எடம் வேண்டாமாக்கா?"

பாம்பு நீட்டிப் படுக்காது, சுருண்டுதான் படுக்கும் என்றேன்.

"எடம் இல்லாததால சுருளுதோ என்னவோ."

இதற்கு நான் என்ன ஆதாரமெல்லாம் சொன்னேன் என்று இப்போது சொன்னால் உங்களுக்கு அலுப்பாக இருக்கும். எல்லாம் சொன்னேன். அப்புறம் அவள் இன்னொன்று கேட்டாள். "மழைக்கு மரம் ஊதுமே. கார்த்திகை வந்தா நம்ம வீட்டு வாசக்கதவ ரெண்டு பேரு சேந்து இழுக்கணும்லா."

அது வேப்பம்பலகை, இது பிளைவுட். மெல்லிய தகடுகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பசை போட்டு ஒட்டியது, ஊதாது என்றேன். அவள் பேசவில்லை. பதில் இல்லை என்றால் ஜெயித்தது யார்?

அதற்கடுத்த வாரம் மேல்டப்பாவில் போண்டா சாப்பிட்டது. அறையில் தொட்டி கிடந்த இடம் காலி. கரண்டு பில் பாதி. பாம்பு எலியைச் சுற்றி வளைத்து விழுங்கிக்கொண்டிருக்கிறது. நான் கோமுவைக் கூப்பிட்டு வந்து காட்டினேன். இப்போது என்ன சொல்கிறாய் என்று கேட்டேன். நல்லது என்று சொல்லிவிட்டு, தன் தட்டை மூடி அடுப்படியில் வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டாள். அந்த நாட்களில் அவள் சரியாகச் சாப்பிடவே இல்லை. பரீட்சை பயம் என்று நினைக்கிறேன்.

பரீட்சையைச் சொல்லாமல் உங்களுக்கு இது புரியாது. எங்கள் ஊர் சங்கரன்கோவில் பக்கம். கோமு பன்னிரண்டாவது முடித்ததும் அப்பா அவளைத் திருவேங்கடத்தில் பாத்திரக்கடை வைத்திருக்கிற மாமன் மகனுக்குக் கொடுப்பதாகப் பேசி முடித்துவிட்டார். தாம்பூலம் மாற்ற நாள் குறித்தாயிற்று. நான் இங்கிருந்து போய் அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்தேன். சாப்பிடவும் இல்லை, எழுந்திருக்கவும் இல்லை, பேசிக்கொண்டே இருந்தேன். மாமா வந்து பேசினார், மாமா போய் ஊர்ப் பெரியவர் வந்தார், அவரிடமும் பேசினேன். கடைசியில் அப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டார். "படிப்பான்னு நீ எழுதித் தருவியா?" ஒரு பாடத்தில் தோற்றாலும் நானே கொண்டுவந்து விடுகிறேன் என்று சொன்னேன். அந்த வார்த்தையில்தான் அவள் இங்கே வந்தாள். நான் இல்லை என்றால் இந்நேரம் அவள் இடுப்பில் ஒரு பிள்ளை இருந்திருக்கும். எண்ணெய்ச் சட்டிக்கு விலை சொல்லிக்கொண்டிருப்பாள்.

அவளை ஹாஸ்டலில் விடவில்லை. விடுவேனா? அந்த ஹாஸ்டலை எனக்குத் தெரியும், நானும் அங்கே இருந்தவள்தான். ஆறரை மணிக்குக் கேட் பூட்டு. நூலகம் எட்டுவரை திறந்திருக்கிறது, ஆனால் நாங்கள் ஆறரைக்கு உள்ளே இருக்க வேண்டும். ஏன் என்றால் உங்கள் நல்லதுக்குத்தான் என்பார் வார்டன். நல்லதை யார் முடிவு செய்வது என்று கேட்டேன். கேட்டுக்கு வெளியே அத்தனை பெண்களைக் கூட்டி உட்காரவைத்தேன். என்னை மட்டும் வெளியே அனுப்பினார்கள். அந்தக் கேட்டுக்குள் இனி நான் கால் வைக்கக் கூடாது என்று ஆர்டர் இருக்கிறது. அதனால்தான் இந்த மாடி. இங்கே கேட் இல்லை, மணி இல்லை. கோமு எப்போது வேண்டுமானாலும் போகலாம், வரலாம். சொல்லிவிட்டுப் போக வேண்டும், அவ்வளவுதான். யாரோடு போகிறாள், எப்போது திரும்புவாள், அது தெரிந்தால் போதும் எனக்கு.

ஐப்பசியில் இரண்டு காரியம் நடந்தது. ஒன்று, வத்தல் ஓடிவிட்டது. அந்த ஒரு நூல் இடைவெளியில் தலையைக் கொடுத்து, பலகை நடுவில் லேசாக வளைந்திருந்த இடம் பார்த்து நெளிந்து போய்விட்டது. கீழே எஸ்தர் டீச்சர் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் வைத்திருந்த அட்டைப்பெட்டியைத் திறந்தபோது உள்ளே இருந்தது. டீச்சர் அன்று கோமுவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் மேலே வந்து ஒவ்வொரு பலகையின் முன்விளிம்பிலும் மெல்லிய மரப்பட்டி வைத்து ஆணி அடித்தேன். அதற்கப்புறம் முடிகூட நுழையாது. டப்பாவை இழுக்கக் கொஞ்சம் பலம் வேண்டும், ஆனால் ஓடாது. ஓடி ரோட்டில் போய் யாராவது கம்பெடுத்து அடித்தால்? நான் செய்தது அதன் உயிருக்காக.

இன்னொன்று, கோமு இரண்டு பாடத்தில் தோற்றாள்.

அப்பாவுக்குத் தெரியாமல் மறைத்தேன். மறுபடி எழுதலாம், கார்த்திகையில் பரீட்சை. ஆனால் அவள் போனும் கையுமாக இருந்தாள். சாயங்காலமானால் மொட்டைமாடிக்குப் போய்விடுவாள். குரலைத் தாழ்த்திப் பேசுவாள், சிரிப்பாள், நான் படியேறினால் நிறுத்திவிடுவாள். யாரிடம் என்றால் அம்மாவிடம் என்பாள். அம்மாவிடம் பேச எதற்கு மொட்டைமாடி?

நான் அடிக்கவில்லை, திட்டவில்லை, பிடுங்கவும் இல்லை. எடுத்துச் சொன்னேன். பரீட்சை முடியும்வரை போன் வேண்டாம் என்று அவளே ஒத்துக்கொள்கிற மாதிரி எடுத்துச் சொன்னேன். மூன்று பாம்புக்கு நாலு டப்பா செய்திருந்தேனே, அடியில் ஒன்று சும்மாதான் கிடந்தது. சார்ஜ் வாரக்கணக்கில் நிற்கிற பட்டன் போன்தான், அதை அதில் வைத்துத் தள்ளினேன். பூட்டு இருக்கிறதா, நீங்களே பாருங்கள். இல்லை. எப்போது வேண்டுமானாலும் அவள் எடுத்திருக்கலாம். எடுக்கமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தாள், எடுக்கவில்லை. இதில் எங்கே வந்தது கொடுமை? டீச்சர் அந்த வார்த்தையைத்தான் சொன்னார். நீங்களும் பெண்பிள்ளை வைத்திருப்பீர்கள், சொல்லுங்கள்.

சரி, சொல்ல வேண்டாம். குடியுங்கள்.

அந்த வாரம் மழை எப்படி என்று உங்களுக்கே தெரியும். விடவே இல்லை. சுவரெல்லாம் வேர்த்தது. இந்த ஜன்னல் வழியாகத் தண்ணீர் உள்ளே வந்து தரையெல்லாம் நின்றது. கோவில்பட்டியில் ஒரு மகளிர் மன்றத்தில் எனக்குப் பட்டிமன்றம். அதற்கெல்லாம் கூப்பிடுவார்கள் என்னை. பஸ் ஓடுமா என்று கோமு கேட்டாள். ஓடும் என்று சொல்லிவிட்டுப் போனேன். தலைப்பு, குடும்பத்தில் அதிகம் விட்டுக்கொடுப்பது மூத்தவரா, இளையவரா. நான் மூத்தவர் அணி.

அன்று பேசின மாதிரி நான் என்றைக்கும் பேசினதில்லை அக்கா. கோமுவின் கதையைத்தான் சொன்னேன், பெயர் சொல்லாமல். அப்பா முன்னால் பட்டினி உட்கார்ந்ததை, கல்யாணத்தை நிறுத்தியதை, இந்த மாடிவீட்டை, எல்லாவற்றையும் சொன்னேன். முன்வரிசையில் ஒரு அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். மேசையில் கவிழ்த்து வைத்திருந்த என் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. எஸ்தர் டீச்சர். எடுக்கவில்லை. மோட்டார் போட மறந்துவிட்டேன் என்று கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். அவருக்கு அது ஒரு வழக்கம். நடுவர் எங்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னார். குத்துவிளக்கு ஒன்று கொடுத்தார்கள், அதோ அலமாரி மேலே இருக்கிறது.

விளக்கோடு படியேறி வருகிறேன். கதவு திறந்து கிடக்கிறது. தரையெல்லாம் தண்ணீர். இந்த அடுக்கு முன்பக்கமாகச் சரிந்து கிடக்கிறது, மேல்பலகை நடுவில் பிளந்து. பக்கத்தில் டீச்சர் தேங்காய் உரிக்கிற கடப்பாரை. மிளகாயும் வத்தலும் கோமுவின் தலையணை உறையில் கட்டிக் கட்டில்மேல் கிடக்கின்றன. குளியலறையில் கோமு உட்கார்ந்திருக்கிறாள். துணி அலசுகிற அகலமான பேசினில் தண்ணீர், தண்ணீருக்குள் போண்டா. அதன் தலையைத் தன் உள்ளங்கையில் தாங்கியிருக்கிறாள். கையெல்லாம் மரச்சிராய் ஏறி ரத்தம்.

"என்னட்டி பண்ணி வச்சிருக்க?" என்றேன்.

"வெந்துகிட்டு கெடந்துச்சுக்கா."

என்ன நடந்தது என்று அப்புறம் நானே பார்த்துத் தெரிந்துகொண்டேன். ஈரத்தில் டேப் பிரிந்து உணர்கம்பி வெளியே தொங்கியிருக்கிறது. வெளிக்காற்று குளிர்ச்சி. இன்னும் சூடு வேண்டும் போல என்று அந்தக் கருவி வயரைச் சூடேற்றிக்கொண்டே போயிருக்கிறது. அது கருவியின் தப்பு. இல்லை என்றால் டேப்பின் தப்பு. அடுக்கின் தப்பு இல்லை. அடுக்கு என்றால் டப்பாவும் பலகையும்தானே.

"சுவிட்ச அணைச்சா போதாதா?"

"அணைச்சேன்."

"பின்ன என்ன?"

"வாயத் தொறந்துகிட்டு, முட்டி முட்டிப் பாத்துச்சு. டப்பா வரல. நானும் இழுத்துப் பாத்தேன், டீச்சரும் இழுத்துப் பாத்தாங்க. ஒங்களுக்குப் போன் போட்டோம்."

"அரை மணி நேரத்துல தானே ஆறியிருக்கும்ல?"

தண்ணீரை மொண்டு அதன் முதுகில் விட்டுக்கொண்டிருந்தாள். அப்போது எனக்குச் சட்டென்று விளங்கியது. எத்தனை நாளாகக் கைக்குப் போன் இல்லை அவளுக்கு? டப்பாக்கள் இறுகிவிட்டன, போனும் அதற்குள். நான் ஊரில் இல்லை.

"போனுக்குத்தான ஒடச்ச?" என்றேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். என் கையில் இருந்த விளக்கையும் பார்த்தாள். அப்புறம் சொன்னாள்.

"ஆமாக்கா. போனுக்குத்தான்."

கேட்டீர்களா? அவள் வாயால் ஒத்துக்கொண்டாள். நான் சொல்லவைக்கவில்லை. இதை டீச்சரிடம் சொன்னால், அந்தப் பிள்ளை மழையில் ஓடிவந்து பாம்பு வேகுது டீச்சர், ஏதாவது கம்பி குடுங்க என்று அழுததைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறார். டீச்சருக்கு அவள் மேல் பிரியம். பிரியம் சாட்சி ஆகுமா?

போண்டா பிழைத்துக்கொண்டது. வயிற்றில் ஒரு கை அகலத்துக்கு வெந்த தழும்பு. கால்நடை டாக்டர் களிம்பு கொடுத்தார், கோமு தினமும் தடவினாள். தடவும்போது அதனோடு பேசுவாள். என்னோடு பேசவில்லை. கேட்டால் பதில் சொல்வாள், சாப்பிடக் கூப்பிட்டால் வருவாள், பரீட்சையும் எழுதினாள். எழுதின மறுநாள் மூன்று பாம்புகளையும் தூத்துக்குடியில் அவளோடு படிக்கிற ஒரு பையன் வீட்டுக்குச் சான்றையெல்லாம் மாற்றிக் கொடுத்தனுப்பிவிட்டாள். அங்கே ஒரு சின்ன அறையையே கம்பிவலை போட்டு, மரம் நட்டு வைத்திருக்கிறார்களாம். பெட்டியைக் கட்டிக்கொண்டு தானும் கிளம்பினாள்.

எங்கே தெரியுமா? அந்த ஹாஸ்டலுக்கு.

நான் எந்தக் கேட்டுக்கு வெளியே உட்கார்ந்தேனோ, அதே கேட்டுக்குள். யாரும் அவளை அனுப்பவில்லை. தானாகக் கையெழுத்துப் போட்டு, அம்மாவிடம் பணம் வாங்கிக் கட்டி. வாசலில் நின்று கேட்டேன், ஆறரைக்குப் பூட்டுவார்களே அங்கே, அது தெரியுமா உனக்கு?

"தெரியும்க்கா. பூட்டுறதுக்கு முன்னால ஒரு மணி அடிப்பாங்களாம்" என்றாள்.

இது ஒரு வாதமா? நீங்கள் சொல்லுங்கள். மணி அடித்துப் பூட்டினால் பூட்டு இல்லையா? இதற்கு நான் நாலு விதமாகப் பதில் வைத்திருந்தேன். ஒன்றைச் சொல்வதற்குள் அவள் படியிறங்கிவிட்டாள்.

ஆமாம், போனை எடுத்துக்கொண்டு போகவில்லை. அதைத்தானே பார்க்கிறீர்கள்? அது உள்ளேதான் இருக்கிறது. மேல்பலகை பிளந்ததும் நடு இரண்டும் தளர்ந்து வந்துவிட்டன, அடிப்பலகை மட்டும் தரைத் தண்ணீரைக் குடித்து இன்னும் இறுகிவிட்டது. உடனே நீங்கள் நினைப்பது எனக்குத் தெரியும். போனுக்காக உடைத்தவள் மேலிருந்தா உடைப்பாள், போன் இருந்த டப்பாவை ஏன் தொடவில்லை என்றுதானே? டீச்சரும் இதையேதான் கேட்டார். மேலிருந்து ஒவ்வொன்றாக உடைத்துக்கொண்டு வந்திருப்பாள், அதற்குள் நான் வந்துவிட்டேன். இப்படியும் இருக்கலாம் இல்லையா? இருக்க முடியாது என்று யாராவது நிரூபிக்கட்டும்.

அவள் போன பிறகு சில நாள் அது உள்ளேயிருந்து வெளிச்சம் காட்டும். டப்பா பால்நிறம், யார் பெயர் என்று தெரியாது, வெளிச்சம் மட்டும் தெரியும். விடிகாலையில் அலாரம் அடிக்கும். அவள் எழுந்து படிக்க வேண்டும் என்று நான் வைத்துக் கொடுத்த அலாரம். இறுகின டப்பாவுக்குள் அது அடிக்கும்போது பலகை முழுக்க அதிரும். நான் எழுந்து உட்கார்ந்திருப்பேன். அப்புறம் சார்ஜ் தீர்ந்து நின்றுவிட்டது.

அதற்குப் பிறகுதான் அம்மா என்னைக் கூப்பிட்டாள். கோமு போனை எடுக்கமாட்டேன் என்கிறாள், தினமும் சாயங்காலம் பேசுகிற பிள்ளை, ஹாஸ்டல் போனில் எப்போதாவதுதான் வருகிறாள், என்ன ஆச்சு என்று. அப்படி தினமும் என்னதான் பேசுவீர்கள் என்று கேட்டேன்.

"ஒன்னப் பத்தித்தான். நீ சாப்ட்டியா, இருமல் விட்டுச்சான்னு அவகிட்டதான் கேப்பேன். ஒங்கிட்ட கேட்டா சண்டைக்குல்லா வருவ" என்றாள் அம்மா.

அதை என் முன்னால் பேசினால் என்ன? நான் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டேன். சொல்லியிருப்பேன், ஆனால் சண்டைக்குப் போயிருக்க மாட்டேன்.

போன வாரம் தூக்குச்சட்டியில் சொதியும் சோறும் எடுத்துக்கொண்டு ஹாஸ்டலுக்குப் போனேன். அவளுக்குப் பிடிக்கும். கேட்டில் அதே பழைய வாட்ச்மேன். நான் உள்ளே போகக் கூடாது என்பது அவருக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. குடும்மா, நான் குடுத்திருதேன் என்று கையை நீட்டினார். நல்ல மனுஷர்தான். ஆனால் அக்கா தங்கச்சியைப் பார்க்கக் கூடாது என்று எந்த விதியில் இருக்கிறது? அதைக் கேட்டேன். அவர் ஒன்று சொன்னார், நான் ஒன்று சொன்னேன். பேசிக்கொண்டிருக்கும்போதே உள்ளே மணி அடித்தது. முற்றத்தில் இருந்த பெண்களெல்லாம் சிரித்துக்கொண்டே எழுந்து போனார்கள். அதில் அவளும் இருந்தாள் என்று நினைக்கிறேன், முதுகுதான் தெரிந்தது. கூப்பிடலாம் என்று நினைத்தேன், நான் அப்போது ஒரு வாக்கியத்தின் நடுவில் இருந்தேன். வாட்ச்மேன் கேட்டைச் சாத்தினார். கடைசியில் அவரால் எனக்குப் பதில் சொல்ல முடியவில்லை. சட்டியைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டேன்.

இருக்கட்டும், உங்கள் விஷயத்துக்கு வருவோம். இந்த மூன்று டப்பாவுக்கும் முன்பட்டியைக் கழற்றிவிட்டேன், மேல்பலகை புதிதாக மாற்றினேன், அதனால்தான் அது மட்டும் வேறு நிறம். நூல்கண்டு வைத்தால் ஒரு சிக்கலும் வராது.

அடிப்பட்டியையும் கழற்றலாமே என்கிறீர்களா? நாலு ஆணிதான், நெம்பினால் வந்துவிடும், ஒரு நிமிட வேலை, எனக்குத் தெரியாதா? கழற்றினால் நான் அடித்த பட்டிதான் தப்பு என்று ஆகிவிடும். அது தப்பில்லை. ஈரம் காய்ந்தால் தானாகத் தளரும். இது தை, பனி இன்னும் விடவில்லை. பங்குனி வெயில் அடித்தால் சுண்டுவிரலால் இழுக்கலாம். கோமுவின் வேப்பம்பலகைக் கதவும் பங்குனியில் அப்படித்தான் வரும். அப்போது சொல்லி அனுப்பினால் அவள் வந்து அவள் கையாலேயே எடுத்துக்கொள்ளட்டும்.

அதனால் இப்போது தர முடியாது. பங்குனி கழித்து எடுத்துக்கொள்ளுங்கள். அட்வான்ஸ் வேண்டாம். விற்பனைக்கு என்று ஏன் ஒட்டினாய் என்றா பார்க்கிறீர்கள்? விற்பனைக்குத்தான். இன்றைக்கு என்று எங்கே எழுதியிருந்தேன்?

அந்தச் சுவிட்சில் தொங்குகிற சார்ஜரா? அது இதோடு சேராது. கோமுவின் போனுக்கு. டப்பா திறந்ததும் போட வேண்டும் இல்லையா, அதனால் அங்கேயே மாட்டி வைத்திருக்கிறேன்.

என்ன அக்கா, ஒன்றும் சொல்லாமல் பையை எடுத்துவிட்டீர்கள்? இவ்வளவு நேரம் நான் கேட்டதில் ஒன்றுக்காவது பதில் சொல்லிவிட்டுப் போங்கள்.